மரியாதைக்கு இறக்கிய பாய்

அன்புள்ள தோமசினுக்கு,

நான் நலம். உன் இருமல் குறைந்ததா? அப்பா சாப்பிடுகிறாரா? அரசரின் இந்தக் கோட்டையை நாடாளுமன்றப் படை நிலத்திலும் கடலிலும் வளைத்துக்கொண்டதாக ஊரில் பெரிதாகப் பேசுவார்கள். பயப்படாதே. குதிரைக்கறி கொஞ்சம் இனிக்கிறது, அவ்வளவுதான்.

நேற்று ஒரு வேடிக்கை. அந்தப் படைக்குத் தானியம் கொண்டுபோன படகு ஒன்று, மூடுபனியில் வழிதவறிக் கோட்டைக்கு அடியிலேயே வந்துவிட்டது. அப்படியே ஓடியிருந்தால் தப்பியிருக்கும். கோட்டையைக் கண்டதும் பழைய பழக்கத்தில் மரியாதைக்கு மேல்பாயை இறக்கிவிட்டு, வேகமிழந்து தத்தளித்தது. எல்லோரும் சிரித்தோம்.

என் பீரங்கியை அதன் பக்கம் திருப்பும்போதுதான் பாயில் பழுப்புத் துணி ஒட்டுப்போட்டிருப்பதைப் பார்த்தேன். உன் தம்பி டிகோரியின் படகுக்கு நீ தைத்துக் கொடுத்தது.

"என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிறே? சுடு!" என்றார் தளபதி.

"மரியாதை செஞ்சவனைச் சுடலாமா, ஐயா?"

"இங்க வயிறு காயுது, உனக்கு மரியாதை கேக்குதா?"

சுட்டேன். குண்டு தண்ணீரில் விழுந்தது; படகு பனிக்குள் நழுவிவிட்டது. வெடிமருந்து நமத்துவிட்டது என்றேன். அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். அது காய்ந்துதான் இருந்தது.

கம்பளிக் காலுறை இருந்தால், முற்றுகைக்குள் ஒளிந்து வந்துபோகும் மீன்காரி வில்மோட்டிடம் கொடுத்தனுப்பு. இந்தக் கடிதத்தைக் கொண்டுவர அவள்தான் அவசரப்படுத்துகிறாள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

டிகோரியிடம் இன்றே சொல்: இனி எந்தக் கோட்டைக்கும் பாயை இறக்கவேண்டாம். என்னை நிலப்பக்கச் சுவருக்கு மாற்றிவிட்டார்கள். கடலைப் பார்த்து இப்போது நிற்பவனுக்கு உன் தையல் தெரியாது.

உன் பாஸ்கோ