விசாரணைக் குழுவில் ஒரு பெண்

மார்ச் 4, 2024
மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் அவரைக்காய் வாங்கிக்கொண்டு வந்தால், வாசலில், ஓய்வு பெறும்வரை நான் வேலை பார்த்த வானியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கடிதம். ஆராய்ச்சி மாணவி சங்கமித்ரா, தன் வழிகாட்டி ஹரிஷ்குமார் மேல் புகார் கொடுத்திருக்கிறாள். மூன்று வருடம் அளந்து அவள் கண்டுபிடித்த ஒரு நட்சத்திரத்தின் ஒளிமாற்றத்தை, அவள் பெயரே இல்லாமல் தன் கட்டுரையாக வெளியிட்டுவிட்டானாம். விசாரணைக் குழுவில் ஒரு பெண் இருக்க வேண்டும். அங்கே வானியலில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண் நான். ஹரிஷ் என் மாணவன் என்பதும் அவர்களுக்குத் தெரியும். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

மார்ச் 12
சங்கமித்ரா ஒக்கலிபுரத்துப் பெண். அம்மா வள்ளியம்மாவுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவள்தான்.
"அவ வெறும் ரீடிங்தான் எடுத்தா மேடம். ஐடியா என்னோடது" என்றான் ஹரிஷ்.
அவள் நோட்டைப் புரட்டினேன். ஐடியாவும் அவளுடையதுதான். இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

மார்ச் 13
1977இல் என் அளவுகளை என் வழிகாட்டி தன் பெயரில் போட்டுக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் பட்டம் கிடைத்திருக்குமா?

மார்ச் 19
வராந்தாவில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "பொறுத்துக்கோம்மா. முதல்ல டிகிரிய வாங்கு. நானும் அப்படித்தான் வந்தேன்."
"நீங்க அன்னிக்குப் பொறுத்துக்கினீங்க மேடம். அதான் இன்னிக்கு எனக்கும் நடக்குது."
என்ன திமிர் இவளுக்கு! — குழுவின் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 'போதிய ஆதாரம் இல்லை.' குழுவில் இருந்த மூன்று பேரும் போட்டோம்.

ஏப்ரல் 2
ஆதாரம் இருந்தது.

மே 6
ஹரிஷ் போன் செய்தான். அவள் படிப்பை விட்டுவிட்டாளாம். "பிரச்சினை முடிஞ்சுது மேடம்." குரலில் அத்தனை நிம்மதி.

மே 9
ஒக்கலிபுரம் போனேன். வள்ளியம்மா வாசலிலேயே நிறுத்திப் பேசினாள்.
"பொம்மசந்திராவுல கம்பெனில சேர்ந்துட்டா. புக்கெல்லாம் கட்டி மேல போட்டுட்டா. நீங்கதானே அந்த மொதோ மேடம்? பேப்பர்ல உங்க போட்டோவக் காட்டி, இவங்க மாதிரி ஆவேன்னு சொல்லுவா."
உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் எந்த முகத்தோடு போயிருப்பேன்?

மே 10
கட்டுரை வந்த ஆய்விதழுக்கும் இயக்குநருக்கும் எழுதினேன். கண்டுபிடிப்பு அவளுடையது; அது தெரிந்தேதான் கையெழுத்திட்டேன். ஒரு வரியையும் மென்மையாக்கவில்லை. அனுப்பியாகிவிட்டது.

மே 14
"நீங்களே இப்படிப் பண்ணலாமா மேடம்? நம்ம இன்ஸ்டிடியூட்டோட புது ஹாலுக்கு உங்க பேர்தான் வைக்கிறதா இருந்தது. இனி எப்படி வைப்பாங்க?" — ஹரிஷ்.
வைக்க வேண்டாம்.

செப்டம்பர் 20
ஆய்விதழ் திருத்தம் வெளியிட்டுவிட்டது. முதல் பெயர் சங்கமித்ரா. வேறு வழிகாட்டியிடம் படிப்பைத் தொடரலாம் என்று நிறுவனமும் அவளுக்கு எழுதியிருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்து அவளைப் போனில் பிடித்தேன்.
"பார்த்தேன் மேடம். லெட்டரும் வந்துது."
"எப்போம்மா சேரப் போறே?"
"என் நோட்டு என்னோடதுன்னு சொல்லிக்கினு இன்னொரு தடவ அவங்க முன்னாடி நிக்க என்னால முடியாது மேடம்."
பின்னால் மெஷின்கள் ஓடத் தொடங்கின. யாரோ அவளைக் கன்னடத்தில் கூப்பிட்டார்கள். "பந்தே சார்" — வருகிறேன் என்று அவருக்குச் சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டாள்.