ஜோடியில் ஒன்று

மார்ச் 3, செவ்வாய்

மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, வெந்நீர் சாதனம், ஆவி பிடிக்கும் கருவி. பதினாறு வருடத்தில் எல்லாவற்றுக்கும் கையேடு எழுதியாயிற்று. இன்று வந்திருப்பது வேறு ரகம். மேலாளர் போனில் சுற்றி வளைத்தாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். என் முதுகுவலியை விசாரித்தாள், மழையை விசாரித்தாள், பிறகு ஒரே மூச்சில் கொட்டினாள். "அக்கா, பெரியவங்க அந்தரங்கமா பயன்படுத்துற கருவி. முதல்முதலா வாங்குறவங்களுக்கு ஒரு அறிமுகக் கையேடு. உங்களை விட்டா யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

நான் ஒத்துக்கொண்டேனா? வாயைத் திறப்பதற்குள் நன்றி சொல்லிவிட்டாள்.

மதியம் பெட்டி வந்தது. மேல்தட்டில் மூன்று பொருட்கள். உதட்டுச்சாயக் குழாய் அளவில் ஒன்று. வளைந்த கைப்பிடியோடு ஒன்று. உள்ளங்கையில் அடங்கும் சாம்பல்நிறக் கூழாங்கல் போல ஒன்று. காதெல்லாம் சுட்டது. நாற்பத்தாறு வயதில்! மூன்றையும் வாரி மேசை டிராயருக்குள் போட்டேன். பெட்டியைப் பின்னறையில், அண்ணியின் துணி அலமாரிக்குக் கீழே தள்ளினேன். 'பெட்டியில் உள்ளவை' என்ற முதல் பக்கத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். பதினாறு வருடத்தில் அதை எழுதாமல் ஒரு வேலையையும் நான் தொடங்கியதில்லை.

அண்ணிக்கு என்ன பதில் சொல்ல? இவர் காலமாகி ஒன்றரை வருடம். இந்த வீட்டில் மிச்சம் நானும், இவருடைய அக்காவான அண்ணியும்தான். என் கையேடு எதுவானாலும் அவள்தான் முதல் வாசகி. தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிவப்புப் பென்சிலோடு உட்காருவாள். என் எழுத்தை மட்டும் வைத்து அவள் சாதனத்தை ஓட்டிவிட்டால் கையேடு தேறியது என்று அர்த்தம். ஒன்பது வயதுக் காய்ச்சலில் இரண்டு காதும் போனவள். எழுத்தை நம்புகிற அளவு மனிதர்களை நம்பமாட்டாள்.

இதை மட்டும் அவளிடம் காட்டப் போவதில்லை.

மார்ச் 4, புதன்

இதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? 'விளையாட்டுப் பொருள்' என்றால் பிள்ளைகள் கேட்டு அழும். 'சாதனம்' என்றால் கிரைண்டர். கடைசியில் 'இன்பக் கருவி' என்று எழுதினேன். எழுதிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அறையில் யார் இருக்கிறார்கள் பார்க்க!

கையால் செய்து பார்க்காமல் ஒரு படியும் எழுதமாட்டேன். அது என் தொழில் வீம்பு. முதல் ஆறு படிகள் சுலபம். வெதுவெதுப்பான நீரில், வாசனையில்லாத சோப்பால் கழுவுங்கள். நன்றாகக் காயவிடுங்கள். சார்ஜ் ஏற்றுங்கள். கீறல், பிசுபிசுப்பு இருந்தால் பயன்படுத்தாதீர்கள். மிகக் குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். முதலில் உள்ளங்கையில் வைத்துப் பழகுங்கள்.

ஏழாம் படி உடம்பு. அங்கே பேனா நின்றுவிட்டது.

பதினொரு மணிக்குப் பின்னறையில் மெஷினும் நின்றது. அண்ணி கண்ணுக்கு ஓய்வு கொடுக்கும் நேரம். அரை மணி நேரம் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. அப்போது டிராயருக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

திறந்தேன். சாம்பல்நிறக் கூழாங்கல் மரப்பலகையில் மெல்ல அதிர்ந்துகொண்டு இருந்தது. கையில் எடுத்ததும் நின்றது.

மார்ச் 5, வியாழன்

இன்றும். அதே பதினொரு மணி.

மார்ச் 6, வெள்ளி

இன்றும். பழுது என்று குறித்துக்கொண்டேன். மேலாளருக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

சாயங்காலம் மருந்துக்கடைக்குப் போனேன். நீர் சேர்ந்த வழுவழுப்பு ஜெல் வேண்டும். சிலிகான் கருவிக்குச் சிலிகான் ஜெல் ஆகாது, அதைக் கெடுத்துவிடும். தேங்காயெண்ணெய் போன்றவை ஆணுறையைப் பலவீனப்படுத்தும். இதையெல்லாம் எழுதத் தெரிகிறது, கடையில் கேட்க நாக்கு எழவில்லை. தலைவலி மாத்திரை, பஞ்சு, பற்பசை என்று மூன்று வாங்கிய பிறகு நாலாவதாக முணுமுணுத்தேன். கடைக்காரி என் வயதுக்காரி. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இரண்டு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "கொஞ்சமா எடுத்துக்காதீங்க. தாராளமாவே போடணும். வலிச்சா நிறுத்திடணும்." இந்த மூன்று வரியும் கையேட்டில் அப்படியே போகும்.

மார்ச் 9, திங்கள்

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

பதினொரு மணிக்கு அதை முன்கூட்டியே உள்ளங்கையில் வைத்துக் காத்திருந்தேன். அதிர்ந்தது. இந்த முறை நிற்கவில்லை. வெதுவெதுப்பாக, சீராக, தூங்குகிறவரின் மூச்சு மாதிரி. என்னையறியாமல் அதை மூன்று முறை அழுத்தினேன்.

ஸ்கூட்டரில் போகும்போது இவருடைய இடதுகை பின்னால் நீளும். என் கையைத் தேடிப் பிடித்து மூன்று அழுத்து. என்ன அர்த்தம் என்று பத்தொன்பது வருடம் கேட்டேன். சிரிப்பாரே தவிரச் சொன்னதில்லை. சொல்லாமலே போய்விட்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு என் கைக்குள் அது அதிர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

ஏங்க, நீங்களா? இத்தனை நாள் எங்க போயிருந்தீங்க? சத்தமாகவே கேட்டேன். அண்ணிக்குத்தான் கேட்காதே.

மார்ச் 10, செவ்வாய்

புத்தியுள்ளவள் செய்ய வேண்டியதைச் செய்தேன். கருவி பையில் தானாக இயங்காமலிருக்கப் பூட்டு வசதி உண்டு. இரு முனைகளையும் ஐந்து விநாடி அழுத்த வேண்டும். பூட்டினேன். பதினொன்று ஆயிற்று. சத்தமில்லை. பதினொன்று ஐந்து, பத்து. வாசலில் ஆளை நிறுத்திக் கதவைச் சாத்தியவள்போல உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்றேகாலுக்குப் பூட்டைத் திறந்தேன். உடனே அதிர்ந்தது. காத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

காலையில் தலைக்குக் குளித்து நல்ல புடவை கட்டிக்கொண்டேன். மேசைக்கு முன்னால் உட்கார நல்ல புடவை!

ஏழாம் படி இன்னும் காலிதான். இவர் இருக்கும்போது எப்படி மற்ற கருவிகளைத் தொட?

அண்ணிகூட இப்போது தெளிவாக இருக்கிறாள். ஒன்றரை வருடமாகக் கொறித்துக்கொண்டிருந்தவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். தனக்கென்று நீலத்துணியில் ஒரு ரவிக்கை வெட்டியிருக்கிறாள்.

மார்ச் 16, திங்கள்

தொழில்நுட்பக் குறிப்பைத் தாமதமாக இன்றுதான் அனுப்பினார்கள். நாலாம் பக்கம். 'சாம்பல்நிறக் கருவி ஜோடியில் ஒன்று. மற்றொன்று கீழ்த்தட்டில் உள்ளது. ஒன்றைக் கையில் பிடித்தால் மற்றது அதிரும், அழுத்தினால் அத்தனை முறை துடிக்கும். அனுப்பும் கருவி உடல்சூடு பட்டால் மட்டுமே இயங்கும், துணியோ மரமோ பட்டால் இயங்காது.'

மணி பதினொன்று. மெஷின் நின்றிருந்தது. என் கையில் அது அதிர்ந்துகொண்டிருந்தது.

பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அண்ணி மெஷினுக்கு முன்னால், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே இன்னொரு சாம்பல்நிறக் கல். அதை மோவாய்க்குக் கீழே வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். நான் கையை இறுக்கினேன், அவள் முகம் மலர்ந்தது. உதடு அசைந்தது. "தம்பி," என்றாள்.

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். என் கணவரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது போன்ற கோபம். அப்புறம்தான் உறைத்தது. பிடுங்க அங்கே யாரும் இல்லை. ஒரு வாரமாக நான் புடவை கட்டிக்கொண்டு காத்திருந்தது நாத்தனாரின் கைச்சூட்டுக்கு.

பெட்டியின் பாகங்களை எண்ணிப் பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் எழுதுகிறவள் எண்ணிப் பார்க்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

ஜோடிக் கருவிக்கான பக்கத்தை எழுதினேன். எழுதிக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். இதைப் படித்தால் அண்ணிக்கு எல்லாம் தெரிந்துவிடும். அது என்ன பொருள் என்பதும், மறுமுனையில் யார் என்பதும். தம்பி அவளுக்கு இரண்டாம் முறை செத்துப்போவான். அந்தச் சாவுக்கு நான் காரணமாக வேண்டுமா?

பதினொரு மணிக்கு அதிர்ந்தது. மூன்று முறை அழுத்தினேன்.

மார்ச் 18, புதன்

இன்றும் அழுத்தினேன். செத்தவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடுவது மாதிரி இருக்கிறது. என் கையே இவருடைய கை மாதிரி கனக்கிறது. பல் துலக்கும்போது கண்ணாடியில் இடதுகையைப் பார்க்க ஒருமாதிரி இருந்தது.

மார்ச் 19, வியாழன்

அழுத்தினேன்.

மார்ச் 20, வெள்ளி

குளித்துவிட்டு வந்து பார்த்தால் மேசைமேல் என் கையேடு. ஒழுங்காக அடுக்கி, சிவப்புப் பென்சிலில் திருத்தி. கசக்கிப் போட்ட பக்கமும் அதில் இருந்தது, இஸ்திரி போட்டு!

'பகிர்ந்துகொள்ள வேண்டாம், ஒருவருக்கு ஒரு கருவி' என்ற வரிக்குப் பக்கத்தில், 'அப்படியானால் எனக்குத் தனியாக ஒன்று.' உள்ளங்கைப் பழக்கத்துக்குப் பக்கத்தில், 'இதற்குச் சத்தம் உண்டு என்று முதல் பக்கத்திலேயே எழுது. காது கேளாத எங்களுக்குத் தெரியாது.' ஏழாம் படியின் வெற்றிடத்தில், 'இது ஏன் காலி? செய்து பார்க்காமல் நீ எழுதமாட்டாய் என்று தெரியும்.'

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அண்ணி வாசற்படியில் நின்றாள். அவளுக்கே உரிய பெருங்குரலில் ஆரம்பித்தாள். எலாஸ்டிக் சுருள் தேடும்போது பெட்டி தட்டுப்பட்டதாம். புதுச் சாமான் என்றால் அவளிடம்தானே முதலில் வரும், மறந்து வைத்துவிட்டேன் என்று நினைத்தாளாம். முட்டிவலிக்கு ஒற்றடம் கொடுக்கிற சாமான் என்று எண்ணி எடுத்துப் பிடித்திருக்கிறாள். போன வாரத் திங்கட்கிழமை அது மூன்று முறை துடித்திருக்கிறது, அவளும் பதிலுக்கு மூன்று முறை அழுத்தியிருக்கிறாள்.

அவள் வாயசைவைப் படிக்க வசதியாக மெல்லக் கேட்டேன். நான்தான் என்று எப்போது தெரியும்?

"செவ்வாக்கிழமை. கூடையில கெடந்ததப் படிச்சேன். நேத்தும் முந்தாநேத்தும் நீயும் தெரிஞ்சுதான் அழுத்தினே, நானும் தெரிஞ்சுதான் அழுத்தினேன். நீ காலையில அழறத நிறுத்தியிருந்தே. அதக் கெடுக்க எனக்கு மனசு வரல."

அவளுக்காக நான் அவராக இருந்தேன். எனக்காக அவள் அவராக இருந்திருக்கிறாள். மூன்றாவது ஆள் மட்டும் இல்லை.

மூன்று அழுத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். பத்தொன்பது வருடக் கேள்வி. அவள் என் கையைப் பிடித்தாள்.

"எனக்குக் காது போன புதுசுல கூட்டத்துக்குள்ள போகவே பயப்படுவேன். கையப் பிடிச்சு மூணு தடவ அழுத்துவான், ஆறு வயசுப் பய. 'நான் இருக்கேன்'னு அர்த்தம்."

அப்புறம் இருவரும் அழுதோம். அவள் அழுகை தெருமுனை வரை கேட்டிருக்கும்.

மார்ச் 21, சனி

காலையில் தேநீர் குடிக்கும்போது சாதாரணமாகத்தான் கேட்டேன், பெட்டியை என்றைக்குத் திறந்தாள் என்று. அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. எலாஸ்டிக் தேடியது ஏழாம் தேதி, சனிக்கிழமை.

உள்ளே வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். என் டிராயர் முதலில் செருமியது நாலாம் தேதி, புதன். பிறகு வியாழன். வெள்ளி.

உடல்சூடு பட்டால் மட்டுமே இயங்கும்.

அண்ணியிடம் சொல்லவில்லை. இது எனக்கு மட்டும் இருக்கட்டும்.

மார்ச் 23, திங்கள்

சாம்பல்நிறக் கற்கள் இரண்டையும் கழுவி, துடைத்து, அணைத்து, பூட்டி, பெட்டியில் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வைத்து, ஒட்டுநாடா சுற்றி, என் படுக்கையறையில் இவருடைய அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டோம். மேலாளரிடம் பிரிக்காத புதுக் கருவி ஒன்று கூடுதலாகக் கேட்டேன். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை, நல்ல பெண். கையேட்டுக்கு வியாழன் வரை நேரம் கொடுத்திருக்கிறாள்.

மார்ச் 25, புதன்

புதுக் கருவி நேற்று வந்தது. அண்ணி கையேட்டை முதல் வரியிலிருந்து ஒருமுறை படித்தாள், கழுவினாள், காயவைத்தாள், சார்ஜ் ஏற்றினாள். ஒரு சந்தேகமும் கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு மெஷின் நின்றது. பின்னறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. இந்த வீட்டுக்கு வந்து அந்தத் தாழ்ப்பாள் விழுந்து நான் கேட்டதில்லை.

டிராயரைத் திறந்து சின்னதை எடுத்துக்கொண்டேன். காகிதம் பிரிக்காத ஜெல்லையும். அறைக்குள் கால் வைக்கும்போது அலமாரிக்கு மேலே, பெட்டிக்குள், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மணிக்கட்டில் மயிர் சிலிர்த்தது. ஓடிப்போய் நாடாவைக் கிழிக்கத்தான் கை பரபரத்தது. போகவில்லை.

"இருங்க," என்று சொல்லிவிட்டு என் கதவையும் தாழிட்டேன்.

மார்ச் 26, வியாழன்

ஏழாம் படி நான்கு வரியில் முடிந்தது. அண்ணி படித்தாள், சிவப்புப் பென்சிலை எடுக்கவே இல்லை.