கிணற்றுக்குள் பிளிறிய போன்

மார்ச் 4
வரைபடம் மேலே ஏறுகிறது. எங்கள் வட்டாரத்தில் நிலத்தடி நீர் கூடியிருக்கிறது!
இரண்டு செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கின்றன. கீழே தண்ணீர் அதிகமென்றால் எடை அதிகம், ஈர்ப்பும் அதிகம். அது முன்னால் போவதைச் சற்று இழுத்துவிடும். நடுவிலுள்ள தூரம் மயிரிழை அளவு மாறும். அதை வைத்து நான் தண்ணீரை எடை போடுகிறேன். மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, அதையும் பார்க்கச் சொன்னாள்.

மார்ச் 5
இயக்குநர் மேடத்துக்குப் பரம சந்தோஷம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் புதிய ஆழ்துளைக் கிணறுகளுக்கான தடையை நீக்கப்போகிறாராம். டேப் அக்கா மட்டும் முகம் சுளித்தார். நாற்பது கிணறுகளில் மாதாமாதம் டேப்பை இறக்கி நீர்மட்டம் அளப்பவர். "எல்லாம் வத்திக் கிடக்கு தம்பி" என்றார். விண்வெளி பொய் சொல்லாது என்றேன். காலரைக்கூடச் சரிசெய்துகொண்டேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 6
அக்கா விடவில்லை. ஸ்கூட்டரில் ஏற்றிப்போய் ஒரு கிணற்றடியில் இறக்கினார். எட்டிப் பார்த்தேன். சட்டைப்பையிலிருந்த போன் நழுவி— தொப். தண்ணீர்ச் சத்தமில்லை. மண்ணில் விழுந்த சத்தம். தலையில் கை வைத்தேன்; கீழே யானை பிளிறியது. மேடம் அழைத்தால் அந்த ஒலிதான்.
"தண்ணி இருந்திருந்தா போன் போயிருக்கும். உங்களுக்கு யோகம்" என்றார் அக்கா. சிரிக்கக்கூட இல்லை.
படியில் இறங்கி எடுத்துவந்தேன். கால் நனையவில்லை.

மார்ச் 7
கண்டுபிடிச்சிட்டேன். செயற்கைக்கோள் காட்டுற மொத்தத் தண்ணீரிலிருந்து மண்ணின் ஈரத்தையும் அணையில் தேங்கியதையும் கழித்தால் மிச்சம்தான் நிலத்தடி நீர். நான் அணையைக் கழிக்கல. கூட்டியிருக்கேன். இந்த வருஷம் அணை நிரம்பி வழியுது வேற! செயற்கைக்கோள்மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான்.
வயிற்றுவலின்னு லீவு போடலாமா? போட்டா நாளைக்குத் தடை போயிடும். ஆளாளுக்குத் தோண்டுவாங்க.

மார்ச் 8
கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் மேடத்திடம் சொல்லிவிட்டேன். திருத்திய வரைபடம் சறுக்குமரம் மாதிரி இறங்கியது.
"இத எப்ப சொல்றதா இருந்தீங்க?"
"இப்பதான் மேடம்."
தடை நீடிக்கிறது. நானும் வேலையில் நீடிக்கிறேன்.

மார்ச் 9
நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 3
என் வரைபடம் இனி டேப் அக்காவின் கையெழுத்தோடுதான் வெளியே போகும், மேடத்தின் உத்தரவு. இந்த மாதம் அக்காவின் அளவும் என் கணக்கும் ஒத்துப்போயின: இறக்கம்தான். பேனாவை எடுத்தவர், அந்தச் செயற்கைக்கோள்கள் எங்கே நிற்கின்றன என்று கேட்டார். நிற்கவே நிற்காது, ராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கும் என்றேன்.
"பாவம், அதுங்க அவ்வளவு தூரம் ஓடி அளந்து தருதுங்க. நீங்க உக்காந்த இடத்துல ஒழுங்கா கழிச்சா என்ன தம்பி?"
சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.