நடுக்கண்ணாடி

12-8-77, வெள்ளி. ஷார்ஜா கேம்ப்.

ராத்திரி. கட்டிலில் படுத்தபடி எழுதுகிறேன்.

லீவில் போன இன்ஜினியர் தன் மீன்தொட்டியை எங்கள் ரூமில் விட்டுப் போயிருந்தார். ஆப்பிரிக்காவில் ஏதோ ஏரியின் அடியாழத்து மீன்கள். கருநீலத்தில் இரண்டு ஆண்கள், நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. அதை மட்டும் எடுக்கவே கூடாது என்று என்னிடம் படித்துப் படித்துச் சொன்னார்.

மத்தியானம் மெஸ்ஸிலிருந்து வந்தால் ரூமில் ஒரே கூச்சல். என்னோடு தங்கியிருக்கும் வெல்டர் செல்வம் தடுப்பை உருவிக் கையில் வைத்திருந்தான். பெரிய மீன் சின்னதை மூலையில் ஒடுக்கிக் கிழித்துக்கொண்டிருந்தது. சின்னதுக்கு ஒரு கண் போயிருந்தது.

"ஏன்டா எடுத்த?"

"நம்மூரு சேவக்கட்டு மாதிரிதான்டா. சும்மா பாரு!"

"தோத்த சேவல் ஓடிப்போயிரும். இது எங்கடா ஓடும்?"

சிரித்தான். அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி அவன் வாயிலேயே அடித்தேன். இரண்டு பல் தரையில் விழுந்தன. அவன் என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான், மோதிக்கொண்டே இருந்தான். பட்டாணியரான ஃபோர்மேன் ஓடிவந்து, "கலாஸ்! கலாஸ்!" என்று, போதும் நிறுத்துங்கள் என அரபியில் கத்தி, இருவரையும் பிய்த்தெடுத்தார். எனக்கு வேறு ரூம் கொடுங்கள் பாய் என்று கேட்டேன்.

"ரூம் மாஃபி" என்றார். வேறு ரூம் இல்லையாம்.

சின்னது செத்து மிதக்கிறது. பெரியது இன்னும் விடாமல் அதைக் கொத்துகிறது.

மேல் கட்டிலில் செல்வம். கீழே நான். நடுவில் ஒரு பலகைதான். அவன் தூங்கவில்லை, மூச்சிலேயே தெரிகிறது.

ஏணி ஆடுகிறது. இறங்குகிறான்