யானை தின்ற ஆரஞ்சு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணங்குகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

போட்ஸ்வானாவில் தேசியப் பூங்கா வாசலில், "ஆரஞ்சு வெச்சிருக்கீங்களா? யானை மோப்பம் பிடிச்சு வரும்" என்று காவலர்கள் கேட்டார்கள். நீங்கள் கட்டிக் கொடுத்த நம் மரத்துப் பழங்களைக் கொடுக்க மனம் வரவில்லை, இல்லை என்றேன். மத்தியானம் நான் முதலாளியின் கேரவனுக்குள் சமைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு யானை ஜன்னலை உடைத்துப் பழப்பையை உருவிக்கொண்டு போய்விட்டது. கேரவன் தொட்டிலாக ஆடியது.

முதலாளி ஹென்ட்ரிக் வேலையை விட்டுத் துரத்துவார் என்று நடுங்கினேன். அவரோ, "டேய் மொலேஃபே, உங்கம்மா யானைக்கும் சேர்த்துல்ல கட்டிக் குடுத்திருக்காங்க!" என்று சிரித்தார்.

இனிப் பழம் வேண்டாம். இரவுக் குளிருக்குக் கம்பளித் தொப்பி ஒன்று பின்னி அனுப்புங்கள். மிஞ்சிய ஒரு பழத்தைத் தின்று தோலை எரித்துவிட்டேன். அந்த வாசம் இருக்கிற கையை மட்டும் இன்னும் கழுவவில்லை.

முதலாளி ஹாரன் அடிக்கிறார், கிளம்புகிறேன்.

உங்கள் மொலேஃபே