வராதவனுக்கும் ஒரு கூறு

அப்பா,

பெட்டி இந்த மாதமும் வந்துவிட்டது. நீங்கள் போனது யப்பானில் உள்ள அந்தக் கம்பனிக்குத் தெரியாது. பெட்டியின் மேல் இன்னும் உங்கள் பெயர்தான். தபால்காரர் அதை என் கையில் தந்துவிட்டு, தானே ஏதோ பிழை செய்தவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். போன மாதப் பெட்டியை, சாவுத் துடக்கு இருந்த வீட்டில் யாரும் தொடவில்லை. இதைத்தான் திறந்தேன். திறந்ததும் கடற்பாசியும் சீனியும் கலந்த அந்த மணம். நம் ஊர் சல்லிக் கடற்கரையில் நெத்தலி காயும் மத்தியானத்தில் பக்கத்து வீட்டில் பாகு காய்ச்சினால் எப்படி மணக்குமோ, அப்படி. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. உங்கள்மேல்.

செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது சொல்ல நீங்கள் விட்டால்தானே?

தம்பி அங்கே தொழிற்சாலை வேலைக்குப் போன பிறகு தொடங்கிய வழக்கம் இது. அவன் சந்தா கட்டுவான், மாதாமாதம் ஒரு பெட்டி கொறிக்கிற சாமான் நம் வீட்டுக்கு வரும். முதல் பெட்டியை நீங்கள் திறந்த விதத்தை நினைத்தால் இந்தக் கோபத்துக்குள்ளும் சிரிப்பு வருகிறது. கலர் கலராகப் பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றோ இரண்டோதான். வீட்டிலோ நீங்கள், அம்மா, நான், என் கணவர், மகள் என்று ஐந்து பேர். "இதென்ன, பொம்மைக் கலியாணத்துக்குச் சாப்பாடு அனுப்பியிருக்கிறானோ?" என்று கேட்டுவிட்டு, பாயை விரிக்கச் சொன்னீர்கள்.

கரைவலையில் மீனைக் கூறு பிரிக்கிறவர் நீங்கள். வேறு விதமாகப் பிரிக்க உங்களுக்குத் தெரியாது. மீன் வெட்டும் கத்தியாலேயே சொக்லேட்டையும் துண்டு போட்டீர்கள். அதனால் யப்பான் சொக்லேட் என்றால் எங்களுக்குச் சூரை மீன் சுவைதான். பாயில் கூறுகளைப் பரப்பி, அம்மாவைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார வைத்தீர்கள். ஒரு கூறைத் தொட்டு "இது ஆருக்கு?" என்று நீங்கள் கேட்க, பாயைப் பார்க்காமலே அம்மா ஒரு பெயர் சொல்லவேண்டும். சொன்ன பெயருக்கு அந்தக் கூறு, பிறகு மாற்றம் இல்லை. கடற்கரையில் சண்டை வராமலிருக்கச் செய்த ஏற்பாடு, எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை விளையாட்டாகிவிட்டது.

ஐந்து பேருக்கு ஆறு கூறு வைத்திருந்தீர்கள். ஆறாவது தம்பிக்கு.

"அனுப்பினவனுக்கே பங்கோ? அவன் அங்க வாங்கித் தின்னமாட்டானே?" என்று கேட்டேன்.

"வலை இழுக்க ஏலாமப் படுத்துக் கிடக்கிறவனுக்கும் கூறு வைக்கிறம், பிள்ளை. வராதவனெண்டா இல்லாதவனோ?" என்றீர்கள்.

அவனுடைய கூறு டின்னுக்குள் போகும். அடுத்த பெட்டி வந்ததும் அதை என் மகள் தின்று முடிப்பாள். எள்ளும் சீனியும் பூசிய குட்டிக் கருவாட்டை வாயில் போட்டுவிட்டு, "கருவாட்டுக்குச் சீனி போட்டவனை வலையில சுத்தி வெயில்ல போடோணும்" என்றீர்கள். அடுத்த பெட்டியில் முதலில் தேடியதும் அதைத்தான். பச்சை நிறக் கடலையை ஒரு பிடி மென்று, காரம் மூக்கில் ஏறி, கண்ணீர் வழிய வழியத் தம்பிக்குப் போனில் சொன்னீர்கள்: "நல்லாத்தானிருக்கு தம்பி." அன்றைக்கு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நோவை விழுங்கிவிட்டு நல்லாயிருக்கு என்று சொல்ல உங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் செய்தீர்கள். தம்பி வீடியோ கோல் எடுத்தால், மூக்கிலிருந்த ஒட்சிசன் குழாயைக் கழற்றிவிட்டுத் தலையணைக்குக் கீழே ஒளிப்பீர்கள். "சும்மா சளி தம்பி, ரெண்டு நாளில வீட்ட போயிடுவன். நீ வேலையைப் பார்." போனை வைத்ததும் மூச்சுக்குத் தவிப்பீர்கள். குழாயைத் திரும்ப மாட்டுகிறவள் நான். அவனுக்குச் சொல்லுவோம் என்று மன்றாடினேன். என் கையைப் பிடித்து உங்கள் தலையில் வைத்தீர்கள்.

"இப்ப வந்தானெண்டா விசா போயிடும், திரும்பிப் போக ஏலாது. என்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு, அவனுக்குச் சொல்லமாட்டன் எண்டு."

பண்ணினேன். மூச்சு வாங்கிக்கொண்டு கேட்கிற தகப்பனிடம் மறுப்புச் சொல்ல எந்த மகளால் முடியும்? அது தெரிந்துதானே கேட்டீர்கள்.

மகன் வைக்கவேண்டிய கொள்ளியை மருமகன் வைத்தார். தம்பி போனில் பார்த்துக்கொண்டு நின்றான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகு எனக்குப் போன் எடுத்தான். "அக்கா, நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா விசாவும் மண்ணும் எண்டு விட்டுட்டு வந்திருப்பன். அப்பான்ர முகத்தைப் பாக்க விடாமப் பண்ணிப்போட்டியள். இனி என்னோட கதைக்கவேண்டாம்." நீங்கள் வாங்கிய சத்தியத்தை அப்போதும் நான் முறிக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் அம்மாவோடு மட்டும் கதைக்கிறான், நான் எடுத்தால் வைத்துவிடுகிறான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை பாயை விரித்தபோது நாலு கூறுதான் வைத்தேன். கதைக்காதவனுக்கு என்ன கூறு? அம்மா வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தா.

"இது ஆருக்கு?"

"பேத்திக்கு."

"இது?"

"மருமகனுக்கு."

"இது?"

"தம்பிக்கு."

என் கை பாயிலேயே நின்றுவிட்டது. நாலாவதைத் தொட்டேன். "உனக்கு" என்றா. தன் பெயரை எப்போதும் கடைசியில்தானே சொல்லுவா. அடுத்த கேள்விக்காகக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, திரும்பினா. பாயில் அவவுக்கு ஒன்றும் இல்லை.

"தம்பிக்கு நீ வைக்கேல்லையோ?"

அப்போதுதான் வெடித்தேன். அவன் சொன்னது, நீங்கள் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியது, எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் சத்தியம் வாங்கியது அம்மாவுக்குக்கூடத் தெரிந்திருக்கவில்லை. நானாகத்தான் மறைத்தேன் என்று அவவும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறா. பாயை ஒருமுறை பார்த்தா.

"செத்த மனிசன்ர சத்தியத்துக்காக, உயிரோட இருக்கிற சகோதரத்தை விடப்போறியோ?" என்று கேட்டுத் தன்னுடைய போனை என்னிடம் நீட்டினா.

அதில் அழைத்தேன். தம்பி "அம்மா" என்று எடுத்தான்.

"நான்தான். வைச்சிடாத, இதைக் கேட்டுட்டு வை."

சொன்னேன். சளி என்ற பொய்யை, சத்தியத்தை, தலையணைக்குக் கீழே ஒளித்த குழாயை. "குழாயைக் கழட்டிப்போட்டோ அக்கா என்னோட கதைச்சவர்?" என்று கேட்டான். "ஓம்" என்றேன். அவன் விக்கி விக்கி அழுதான். வைக்கவில்லை.

உங்கள் தலையில் அடித்த சத்தியத்தை முறித்துவிட்டேன் அப்பா. இனி அந்தத் தலைக்கு ஒன்றும் வராது. ஆனால் ஒன்று கேட்கிறேன். வலை இழுக்க வராதவனுக்கும் கூறு வைத்த மனிதர், உங்கள் நோய் வருத்தத்தில் மட்டும் ஏன் அவனுக்கு ஒரு கூறு வைக்கவில்லை? அழவும், ஓடி வரவும், வேலையைத் தொலைக்கவும் அவனுக்கு உரிமை இருந்தது. அதை அவனுக்குக் கொடுக்காமல், எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டீர்கள். அதைப் பாசம் என்று ஊர் சொல்லட்டும். நான் சொல்லமாட்டேன்.

பாயில் இருந்ததை எல்லாம் திரும்பக் குவித்து, உங்கள் சட்டத்தையும் முறித்து, ஐந்து கூறாகப் பிரித்தேன். தம்பியின் கூறு டின்னுக்குள் இருக்கிறது. இந்த முறை மகளைத் தொட விடமாட்டேன். அவன் வந்து தின்னட்டும், நமத்துப் போயிருந்தாலும் பரவாயில்லை.

சீனிக் கருவாட்டை மட்டும் நான் பிரிக்கவில்லை. குசினி அடுப்படியில் நின்று, ஒருவருக்கும் கொடுக்காமல், கோபத்தோடு முழுவதையும் நானே தின்றேன். அது உங்களுடைய கூறு.