பூனை என்றே கூப்பிடு

எங்கள் வீட்டு அதிகாரி அம்மாவுக்கு, அன்புடன் எழுதுவது.

இங்கே சமையலறைக் குழாய் ஒழுகுவதைச் சரிபண்ணிவிட்டேன். வருடக்கணக்காய் நச்சரித்தாயே, நீ ஊரில் இல்லாதபோதுதான் எனக்குக் கை வந்தது. நீ பார்த்துக்கொள்ளும் அந்த வீட்டுக் குழந்தைக்குச் சளி தேவலையா?

போனில் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நம் மகளின் இடது கண் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாய் மின்னுமே, நீ பூனைக்கண் என்று கொஞ்சி, தெருவே அவளைப் பூனை என்று கூப்பிட ஆரம்பித்ததே, அது அழகு இல்லையாம். உள்ளே கட்டி. புற்று. டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காது அடைத்துவிட்டது.

ரொம்ப அபூர்வம், நாடு பூரா கணக்குப் பார்த்தா பதினெட்டாயிரம் குழந்தைங்கள்ல ஒண்ணுக்கு வந்தா உண்டு என்றார். கண்டக்டர் புத்தி எங்கே போகும்? முந்நூறு பஸ்ஸில் நெருக்கியடித்து ஏற்றினாலும் அதில் ஒரே ஒரு பிள்ளை. அது ஏன் எங்கள் பிள்ளை என்று கேட்டேன். அது யாருக்குமே தெரியாதுப்பா, நீங்க ரெண்டு பேரும் எந்தத் தப்பும் பண்ணலை என்றார். யார்மேலாவது கோபப்படலாம் என்று பார்த்தேன், அதற்கும் வழியில்லை.

வெளியே வந்தால் பெஞ்சில் உட்கார இடமில்லை. கண்ணில் கட்டோடு வரிசையாகப் பிள்ளைகள். நாட்டிலுள்ள ஒவ்வொரு முந்நூறு பஸ்ஸும் தங்கள் ஒற்றைப் பிள்ளையை அங்கேயே இறக்கிவிட்டுப் போன மாதிரி. அபூர்வமாம்! நாடு பெருசு இல்லையா, அங்கங்க ஒண்ணுன்னாலும் சேர்ந்துடுது என்றபடி ஒரு தாய் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.

இருபதாம் தேதி கண்ணை எடுக்கிறார்கள். எடுத்தால் பிள்ளை பிழைத்துவிடுவாள், வலது கண்ணில் ஒன்றுமில்லை என்கிறார்கள். உன்னைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டேன். கேட்டிருந்தாலும் வேறு என்ன செய்திருப்போம்? உனக்கு லீவு தரமாட்டார்கள் என்று தெரியும். அதற்காக அங்கே சாப்பிடாமல் கிடக்காதே.

விஷயம் தெரிந்ததிலிருந்து தெருவில் யாரும் அவளைப் பூனை என்று கூப்பிடுவதில்லை. எனக்கும் நாக்கு எழவில்லை. நேற்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, என் மேல எல்லாருக்கும் கோபமாப்பா, அம்மாவும் இனிமே பூனைன்னு கூப்பிட மாட்டாங்களா என்று கேட்டாள். நான் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டேன்.

இருபதாம் தேதி காலையில் மறக்காமல் போன் பண்ணு. அழுகையெல்லாம் முன்னாடியே முடித்துவிட்டுப் பண்ணு. எப்போதும் போல, சத்தமாக, பூனை என்றே கூப்பிடு. என்னால் முடியவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பூனையின் அப்பா